தொட்டால் சுடுகிற மூட்டை

"மூட்டை திரும்பி வந்துருச்சு பாப்பா. உள்ள கைய விட்டா சுடுது. என்ன செய்யட்டும்?"

சிவனாண்டி அண்ணன் போனில் இதைக் கேட்டபோது புதன்கிழமை மதியம் பன்னிரண்டரை. நான் மதுரை கே.கே. நகர் ஆபீஸில் கைகழுவும் இடத்தில் நின்று முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. கோபம் வந்தால் எனக்கு முகம் காந்தும். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் மேனேஜர் ஸ்ரீராம்குமார், ஏழு பேர் உட்கார்ந்திருந்த மேசையில், ஓட்டல்காரர் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, சரக்கு ஏன் திரும்பியது என்று என்னைக் கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேன். இங்கிலீஷில் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். பாதியில் நிறுத்தி, அதே விஷயத்தை அவரே இன்னொரு தடவை நல்ல இங்கிலீஷில் சொல்லி முடித்தார். ஓட்டல்காரர் தலையாட்டினார். நான் சொன்னபோது ஆட்டாத தலை.

அந்தக் கோபத்தோடுதான் அண்ணனிடம் பேசினேன்.

"மாட்டுக்குப் போடுங்க. அதையும் என்கிட்டதான் கேக்கணுமா?"

"சரி பாப்பா" என்று வைத்துவிட்டார்.

இதைத்தான் சொல்ல வந்தேன். மீதி எல்லாம் இதற்குப் பின்னால் நடந்தது.

நான் வேளாண்மை படித்தவள். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அப்பா கொட்டாம்பட்டியில் கொத்தனாருக்குக் கையாள். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று தாலுகா ஆபீஸில் வாங்கிய சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். எனக்கும் அந்தப் பெருமை இல்லாமல் இல்லை. எங்கே கையெழுத்துப் போட்டாலும் பேருக்குப் பக்கத்தில் பி.எஸ்ஸி., அக்ரி என்று போடுவேன். கூரியர்காரன் நீட்டும் சீட்டில்கூட.

கம்பெனியில் எனக்கு வேலை, பெரிய ஓட்டல்களுக்கு வேண்டிய வெளிநாட்டுக் காய்கறிகளை இங்குள்ள விவசாயிகளை வைத்துப் போட வைப்பது. அதில் ஒன்று சுவிஸ் சார்ட். பீட்ரூட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழங்கு வைக்காது, இலைதான். காம்பு சிவப்பாகவும் மஞ்சளாகவும் ரோஸாகவும் இருக்கும். ஓட்டல்காரர்கள் காம்பின் நிறத்துக்குத்தான் வாங்குகிறார்கள். நிழல்வலை கட்டி, குழித்தட்டில் நாற்று விட்டு, ஐப்பசியில் நட்டால் மாசி வரைக்கும் வெட்டலாம். வேரோடு பிடுங்கக்கூடாது. வெளி இலையை மட்டும் அறுத்துக் குருத்தை விட்டால் பத்து நாளில் அடுத்த வெட்டு வந்துவிடும்.

உசிலம்பட்டிக்கு மேற்கே, டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் ஊரில் சிவனாண்டி அண்ணனுக்கு ஒன்றரை ஏக்கர். ஊர் பேரைச் சொல்லவில்லை. அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மானாவாரிச் சோளமும் கிணற்றோரம் கொஞ்சம் தக்காளியும் போட்டுக்கொண்டிருந்தவரை நான்தான் பிடித்தேன். முப்பது சென்ட்டுக்கு வலை கட்ட வைத்தேன். போட்டோவைக் காட்டியபோது அவர் பெண்சாதி பாண்டியம்மாள் அக்கா, "இதைக் கடைஞ்சா என்ன கலர்ல வரும்?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. இது கடைகிற கீரை இல்லை, எண்ணிக்கைச் சரக்கு, ஒரு இலை குறைந்தாலும் கம்பெனி கேட்கும், வீட்டுக்கென்று யாரும் ஒரு காம்பைத் தொடக்கூடாது என்று சொன்னேன். நான் பேசிய பேச்சு அந்த வீட்டைத் தாண்டியும் போயிருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் அதற்கு சுவிசு என்று பேர் வைத்தார். டீக்கடையில், "என்னண்ணே, சுவிசு எப்படி இருக்கு?" என்று கேட்பார்களாம். "நேத்துத்தான் போயிட்டு வந்தேன், குளிரு" என்பாராம்.

முதல் இரண்டு வெட்டு நன்றாகப் போனது. மூன்றாவதற்கு முன்னால் வங்கக்கடலில் ஏதோ புயல் என்று எட்டு நாள் மூடாக்கு. வெயிலே இல்லை. இலை வெளிறிவிட்டது. ஓட்டலில் கரும்பச்சை வேண்டும் என்றார்கள். மேனேஜர் என்னைப் பிடித்தார். நான் அண்ணனைப் பிடித்தேன். பத்து கிலோ யூரியாவைக் கரைத்து சொட்டுநீரில் விடச் சொன்னேன். வெட்டுக்கு நாலே நாள் இருக்கும்போது முப்பது சென்ட்டுக்குப் பத்து கிலோ. "அம்புட்டும் வேணுமா பாப்பா?" என்று ஒரு தடவை கேட்டார். "சொன்னதைச் செய்ங்கண்ணே" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் வெட்டினார்கள். கம்பெனி பிளாஸ்டிக் கிரேட்டுகளைத் திருப்பி அனுப்பாததால் இலையை நனைத்த சாக்கில் அமுக்கிக் கட்டினார்கள். பத்து மணிக்கு வரவேண்டிய வண்டி சாயங்காலம் வந்தது. புதன் காலையில் மதுரையில் மூட்டையைப் பிரித்தால் இலை துவண்டு ஓரம் கறுத்திருந்தது. அத்தனையும் கழிவு. உசிலம்பட்டிப் பக்கம் வேறு லோடு எடுக்கப் போன வண்டியிலேயே ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். அண்ணன் கையை விட்டுப் பார்த்தார். சுட்டது. என்னைக் கேட்டார்.

மூன்றாம் வருஷத் தீவனப்பயிர்ப் பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. கால்நடைகளில் நைட்ரேட் நச்சு பற்றி எழுதுக, ஐந்து மதிப்பெண். நான் எழுதினேன். வெயில் இல்லாத நாட்களில், யூரியா அதிகம் போட்ட பயிரின் இலையில், குறிப்பாக பீட்ரூட் இனத்துக் கீரைகளில், உப்பு தங்கும். ஈரத்தோடு கட்டிவைத்துச் சூடேறினால் அந்த உப்பு பல மடங்கு கொடிய விஷமாக மாறும். மாடு தின்றால் ரத்தம் மூச்சைச் சுமக்காது. ரத்தம் காப்பி நிறமாகிவிடும். உடனே ஒரு நீல மருந்தை நரம்பில் ஏற்றினால் பிழைக்கலாம். ஒன்றையும் விடாமல் எழுதினேன். நாலரை போட்டிருந்தார்கள். அந்த அரை மார்க் எங்கே போனது என்று சாரிடம் சண்டைக்குப் போனவள் நான்.

மூன்று மணிக்குப் பாண்டியம்மாள் அக்கா போன் செய்தார். போன் மேசைமேல் அதிர்ந்தது. பேரைப் பார்த்தேன். சரக்கு திரும்பியதைப் பற்றிப் புலம்புவார், எனக்கு இன்று அதற்குத் தெம்பில்லை என்று விட்டேன். மூன்றே காலுக்கு இன்னொரு தடவை. மூன்றே முக்காலுக்கு இன்னொரு தடவை. மூன்றாவது தடவை போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் காலையில்தான் செய்தி வந்தது. நான் கிளம்பிப் போனேன்.

செவலைப் பசு. இரண்டாவது ஈத்து, கன்று போட்டு இருபது நாள்தான் ஆகியிருந்தது. பாண்டியம்மாள் அக்கா அதைக் கன்றுக்குட்டியில் வாங்கித் தன் கையாலேயே வளர்த்தவர். புதன் சாயங்காலமே கிணற்று மேட்டுக்கு அந்தப் பக்கம் உப்புப் போட்டுப் புதைத்துவிட்டார்கள். கொட்டத்தில் கன்று மட்டும் நின்றது. அக்கா ஒரு பாட்டிலில் பாக்கெட் பாலைக் காய்ச்சி ஊற்றி, அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அது குடிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தது.

என்ன நடந்தது என்று அக்கா சொன்னார். ஒரு மணிக்குத் தின்றது, இரண்டரைக்குத் தள்ளாடியது, வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தது. மாட்டு டாக்டர் வேறு ஊரில் இருந்தார். அவர் வருவதற்குள் கீழே விழுந்துவிட்டது. விஷம் என்றால் ரத்தத்தை வெளியே விட வேண்டும் என்று பக்கத்து வீட்டில் யாரோ காது நரம்பைக் கீறினார்களாம்.

"ரத்தமா பாப்பா அது? வரக்காப்பி. சட்டியில கொதிச்ச வரக்காப்பி மாதிரி வந்துச்சு. யாரோ வச்சுட்டாக."

எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. கையில் அவர் கொடுத்த டம்ளர் இருந்தது. அதிலும் வரக்காப்பிதான். மாடு செத்த வீட்டில் பாலுக்கு எங்கே போவார்கள்? நான் அதைக் குடித்து முடித்தேன். குடித்துவிட்டு, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். டாக்டர் வரும்போது உயிர் இல்லை. என்ன தின்றது என்று கேட்டிருக்கிறார். எப்போதும் தின்கிறதுதான் என்று சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்தில் கழிந்த இலையை மாட்டுக்குப் போடுவதை அங்கே யாரும் தனியாகத் தீவனம் என்று சொல்ல மாட்டார்கள். தண்ணீர் காட்டினேன் என்று தனியாகச் சொல்வார்களா? அதுபோலத்தான்.

யாரோ வைத்துவிட்டார்கள் என்றால், அந்த யாரோவுக்கும் பேர் இருந்தது. நாகஜோதி. சிவனாண்டி அண்ணனின் தம்பி வெள்ளைத்துரையின் பெண்சாதி. வெள்ளைத்துரை திருப்பூரில் சாயப்பட்டறையில் இருக்கிறார். இங்கே நாகஜோதியும் பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தையும்தான். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கிணறு. ஒருநாள் இவர்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. சுவிசு வந்த பிறகு அண்ணன் தம்பி வீட்டு முறையிலும் ஒரு மணி நேரம் மோட்டாரை ஓட்டிக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார். தினமும் கொஞ்சமாவது ஈரம் காட்ட வேண்டும் என்று சொன்னதும் நான்தான். திங்கட்கிழமை அதில் சண்டை. நாகஜோதி வரப்பில் நின்று, "அந்தக் கீரையும் வெளங்காது, அதைத் திங்கிற வாயும் வெளங்காது" என்று கத்தியிருக்கிறார். புதன்கிழமை மதியம் நாகஜோதி சிவனாண்டி அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டத்திலிருந்து சேலை மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாகப் போனதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கே மாடு செத்தது. போதாதா?

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில் கருப்பு கோயிலில் நாகஜோதி சூடம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அடித்துவிட்டால் வழக்கு முடிந்தது. அடிக்காவிட்டால் கிணற்றில் அவளுக்கு முறை கிடையாது, அண்ணன் தம்பி உறவும் கிடையாது. திருப்பூரிலிருந்து வெள்ளைத்துரை போனில், அடிக்காவிட்டால் நீ உன் அம்மா வீட்டுக்குப் போய்க்கொள் என்று சொல்லிவிட்டாராம்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்து, "நீ ஏன் பாப்பா கலங்குற, உனக்கும் அதுமேல பாசந்தான்" என்றார். மூடிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் எல்லார்மேலும் கோபப்பட்டேன். கிரேட் அனுப்பாத கம்பெனிமேல், வண்டிக்காரன்மேல், வேறு ஊருக்குப் போன டாக்டர்மேல், சூடம் கொளுத்தி நியாயம் பார்க்கும் ஊர்மேல். எனக்குக் கோபம் சுலபம். அதில் போய் உட்கார்ந்துகொண்டால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. உசிலம்பட்டியிலிருந்து செக்கானூரணி வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் அந்தக் கோபமும் நிற்கவில்லை. "சுடுது" என்று அவர் சொன்னது காதில் கேட்டது. அவர் படிக்காதவர், கையை விட்டுப் பார்த்து, சந்தேகப்பட்டு, படித்தவளைக் கேட்டார். சரியான ஆளிடம் சரியான கேள்வியைத்தான் கேட்டார்.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன். யூரியா, மூட்டை, நான் சொன்னது எல்லாம். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

"நீங்க எமோஷனலா யோசிக்கிறீங்க ரோகிணி. மாடு எதனால செத்துச்சுன்னு போஸ்ட்மார்ட்டம் இல்ல. அங்க போய் எதுவும் பேச வேண்டாம். முக்கியமா, எழுத்துல எதுவும் குடுத்துராதீங்க. எங்கேயும்."

சரி என்றேன். எனக்கு அதைக் கேட்க ஆறுதலாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். எப்போதும் அவர் சொல்கிற எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள், அன்றைக்கு சரி சார் என்று எழுந்து வந்தேன்.

ஒரு வாரம் வேலை பார்த்தேன். புரோக்கோலிக்காரர்களைப் போய்ப் பார்த்தேன். சாப்பிட்டேன். நாகஜோதி சூடம் அடித்துவிடுவாள், அவள்தான் எதுவும் செய்யவில்லையே, அடித்தால் எல்லாம் முடிந்துவிடும், நான் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை என்று கணக்குப் போட்டேன். சாமி நம்பிக்கை இல்லாத நான், கருப்பு பார்த்துக்கொள்ளும் என்று விட்டேன்.

வியாழக்கிழமை பாண்டியம்மாள் அக்கா கூப்பிட்டார். இந்தத் தடவை எடுத்தேன்.

"நாளைக்கு வந்துரு பாப்பா. மாடு நல்லா இருந்துச்சு, நோயில செத்த மாடு இல்லன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா ஊரு கேக்கும். படிச்ச புள்ள சொன்னா ஒரு மதிப்புத்தான்."

எனக்குச் சாட்சி வேலை.

கோயில் என்றால் கூரை இல்லை. கண்மாய்க் கரையில் ஒரு பெரிய புளியமரம், அடியில் ஆளுயர அரிவாள்கள் நட்ட மேடை. இருபது முப்பது பேர் இருந்தார்கள். பூசாரி பேயாண்டி ஒரு கல்லின்மேல் வெற்றிலையை வைத்து, அதன்மேல் கைக்கட்டை விரல் அளவுக்குச் சூடத்தை அடுக்கினார். எரிகிற சூடத்தின் முன்னால் வார்த்தையைச் சொல்லிவிட்டு, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய் சொல்லி அடித்தால் மூன்று மாதத்துக்குள் வீட்டில் ஒரு உயிர் விழும் என்பார்கள்.

வார்த்தையை அண்ணன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். கொட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. அங்கே எதையும் தொடவில்லை. மாட்டுக்கு ஒன்றும் வைக்கவில்லை. மூன்றையும் சொல்லி அடிக்க வேண்டும்.

நாகஜோதி மேடைக்கு முன்னால் நின்றாள். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. சூடம் எரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எரிந்து முடியப் போகும்போது, "நான் அடிக்கல" என்றாள்.

"அப்ப நீதான செஞ்ச?" என்றார் பாண்டியம்மாள் அக்கா.

"நான் செய்யல."

"செய்யலைன்னா அடி."

"மூணாவதை மட்டும் சொல்லி அடிக்கிறேன்."

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. மூன்றாவதை மட்டும் சொல்கிறாள் என்றால் முதல் இரண்டும் பொய் என்றுதானே அர்த்தம்? கொட்டத்துக்குள் போயிருக்கிறாள், தொட்டிருக்கிறாள். பூசாரி இன்னொரு சூடத்தை எடுத்தார். சிவனாண்டி அண்ணன் கிணற்றைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அந்தக் குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு எங்கள் எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. என் முகத்துக்கு வந்தபோது நான் பேசினேன்.

"அவங்க செய்யல. மாடு என்னாலதான் செத்துச்சு."

பாண்டியம்மாள் அக்கா என் கையைப் பிடித்தார்.

"நீ சும்மா இரு பாப்பா. எங்க சண்டையத் தீத்து வைக்கிறதுக்கு நீ ஏன் பழியச் சுமக்குற?"

நான் சொல்லச் சொல்ல யாரும் நம்பவில்லை. யூரியா என்றேன், யூரியா ஊரில் எல்லாரும்தான் போடுகிறார்கள் என்றார் ஒருவர். கீரை தின்று மாடு சாகுமா என்று இன்னொருவர் சிரித்தார். நல்ல பிள்ளை, பொம்பளைக்குப் பொம்பளை இரக்கப்படுது என்று ஒரு கிழவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். கல்லூரியில் நாலரை மார்க் வாங்கிய பதிலை அங்கே நின்று கத்திக்கொண்டிருந்தேன். அதற்கு அங்கே அரை மார்க் கூடக் கிடைக்கவில்லை.

"சூடத்தை ஏத்துங்க. நான் அடிக்கிறேன்" என்றேன்.

பூசாரி கையில் தீப்பெட்டியோடு என்னைப் பார்த்தார். "செய்யலைன்னுதான் எல்லாரும் அடிப்பாக தாயி. செஞ்சேன்னு இங்கன யாரும் அடிச்சது கெடையாது. எனக்கு அதுக்கு முறை தெரியாது."

"எனக்கும் தெரியாது. ஏத்துங்க."

அவர் சிவனாண்டி அண்ணனைப் பார்த்தார். குச்சியை உரசினார். சூடம் பற்றியது. நான் குனிந்தேன். இவ்வளவு கிட்டத்தில் அந்த வெக்கை முகத்தில் அடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

"யூரியாவைக் கூடப் போடச் சொன்னது நான். அண்ணன் அம்புட்டும் வேணுமான்னு கேட்டாரு, போடுங்கன்னேன். மூட்டை சுடுதுன்னு சொன்னாரு. சூடான இலை விஷம்னு நான் படிச்சிருக்கேன். வேற ஒருத்தர்மேல கோவத்துல இருந்தேன். யோசிக்காம மாட்டுக்குப் போடச் சொன்னேன்." மூச்சு வாங்கியது. இதோடு நிறுத்தினாலும் போதும் என்று தோன்றியது. சூடம் பாதி எரிந்திருந்தது. "அக்கா மூணு தடவை போன் பண்ணாங்க. பேரைப் பாத்தேன். வேணும்னே எடுக்கல. எடுத்திருந்தா என்ன மருந்துன்னு எனக்குத் தெரியும்."

உள்ளங்கையை அதன்மேல் வைத்து அமுக்கினேன். அடிக்க வேண்டும் என்பார்கள், அடிக்கத் தெரியவில்லை. அமுக்கினால் அது உடனே அணையாது. பூசாரி என் கையைப் பிடித்து இழுத்தார்.

பாண்டியம்மாள் அக்கா என் கையைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தார்.

"பாத்தியா? போன்ல என் பேரைப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"நான் டவர் இல்லைன்னுல நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். யூரியாவையும் விஷத்தையும் அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. போனை நம்பினார். மேடையைவிட்டுத் தள்ளிப்போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மாட்டுக்காக அவர் அழுததை நான் பார்த்ததில்லை. அப்போதும் பார்க்கவில்லை. முதுகு மட்டும் ஆடியது.

அப்போதுதான் நாகஜோதி தரையில் உட்கார்ந்தாள். யாரும் கேட்காமலே சொன்னாள். புதன்கிழமை மூட்டை திரும்பி வந்து கொட்டத்தில் அவிழ்த்துக் கிடந்தபோது உள்ளே போனாளாம். ஒரு பிடி கீரையை மடியில் கட்டிக்கொண்டு வந்தாளாம்.

"இம்புட்டுத் தண்ணிய நம்மகிட்ட இருந்து குடிக்குதே, அது என்னதான் ருசின்னு பாப்போமேன்னுதான். அவிச்சு, தண்ணிய வடிச்சு, பருப்புப் போட்டுக் கடைஞ்சேன். ஒரு இலையக்கூட யாரும் தொடக்கூடாதுன்னு இந்தப் புள்ள சொல்லியிருந்துச்சு. திருடிட்டு வந்து சாமி முன்னாடி எதையும் தொடலைன்னு எப்படி அடிக்க? எனக்கு ஒரு புள்ளதான இருக்கு."

"ருசி எப்படி?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"மண்ணு மாதிரி இருந்துச்சு" என்றாள் நாகஜோதி.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிவனாண்டி அண்ணன் சிரிக்கவில்லை. தம்பி பெண்சாதியிடம் போய், நேராக முகத்தைப் பார்க்காமல், நாளைக்கு உன் முறை, மோட்டாரை நீயே போட்டுக்கொள் என்று மட்டும் சொன்னார். அது மன்னிப்புக் கேட்டதா என்று தெரியவில்லை. அவள் தலையாட்டினாள். கூட்டம் கலைந்தது. பூசாரி என் கையில் மஞ்சளை அப்பிவிட்டுப் போனார்.

நானும் போக வேண்டியதுதான். கால் வரவில்லை. திட்டுவார்கள் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். இரண்டு அடி விழுந்தால்கூட வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். யாரும் திட்டவில்லை. நஷ்டத்தைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கித் தருகிறேன், முடியாவிட்டால் என் சம்பளத்தில் தருகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை.

"அது கெடக்கட்டும். வலைக்குள்ள மிச்சம் நிக்கிற சுவிசை என்ன செய்ய?" என்று கேட்டார்.

வழக்கமாக அவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவேன். அன்றைக்கு யோசித்தேன். எந்த நாள் யூரியா விட்டது, அதன்பிறகு எத்தனை நாள் வெயில் அடித்தது என்று அவரையே கேட்டு எண்ணினேன். இன்னும் இரண்டு வாரம் வெறும் தண்ணீர் மட்டும் விட வேண்டும், அதன்பின் வரும் முதல் வெட்டு இலையை மண்ணில் புதைத்துவிட வேண்டும், அதற்கப்புறம்தான் எதுவும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வாயில சொல்லாத பாப்பா. எழுதிக் குடு."

என் பையில் நோட்டு இருந்தது. கம்பெனி நோட்டு, மேலே கம்பெனி பேர் அச்சடித்தது. கல்லின்மேல் வைத்து எழுதினேன். பேனாவைப் பிடிக்கும்போது உள்ளங்கையின் தோல் இழுத்தது. இலையை ஈரத்தோடு கட்டி வைக்கக்கூடாது. கழிந்த இலையை மாட்டுக்குப் போடக்கூடாது.

"ஆட்டுக்கு?" என்று கேட்டது ஒரு குரல். பாண்டியம்மாள் அக்கா. இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார்.

"ஆட்டுக்கும் போடக்கூடாதுக்கா."

"அதையும் எழுதச் சொல்லுங்க" என்றார் அண்ணனிடம்.

எழுதினேன். நாகஜோதி, நான் தின்றேனே எனக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். ஒரு பிடிதான், அவித்துத் தண்ணீரை வடித்தும் விட்டாள், ஒன்பது நாள் ஆகிறது, ஒன்றும் ஆகாது என்றேன். அவள் நம்பாமல், அதையும் எழுதச் சொன்னாள். அடியில் அதற்கு முன்னால் நடந்ததையும் எழுதினேன். தேதி, பத்து கிலோ, சூடான மூட்டை, சொன்னது யார் என்று. எழுத்தில் எதுவும் கொடுக்காதீர்கள் என்று சொன்ன முகம் ஞாபகத்துக்கு வந்தது. கடைசியில் ரோகிணி என்று மட்டும் கையெழுத்துப் போட்டுத் தாளைக் கிழித்து நீட்டினேன்.

அண்ணன் அதை நாகஜோதியிடம் கொடுத்தார். அவள் பத்தாவது படித்தவள். மேலிருந்து கீழ்வரை சத்தமாக வாசித்தாள். பாண்டியம்மாள் அக்கா திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் அண்ணன் தாளை வாங்கி என் பேர் இருந்த இடத்தைப் பார்த்தார். நடவுக்கு முன்னால் நான் கொடுத்த காகிதங்கள் எல்லாம் அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன. அவருக்கு வாசிக்க வராது. ஆனால் என் கையெழுத்து எம்புட்டு நீளம் இருக்கும் என்று தெரியும்.

தாளை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"படிப்பையும் சேத்துப் போடு" என்றார்.